இரண்டு பதினேழுக்கு வந்த காற்று

கச்சான் பிடித்து இது மூன்றாம் நாள்.
கட்டுப்பாட்டு அறையின் தகரக் கூரை
இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறது.
நுவரெலியா தூங்குகிறது:
குதிரைப் பந்தயத் திடல், தபால் கந்தோர்,
ஏரிக்கரையில் சங்கிலி போட்ட படகுகள்.

திரையில் ஒரே எண்.
ஐம்பது.
கொஞ்சம் கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு.
ஐம்பதை ஐம்பதாகவே வைத்திருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

முகட்டில் பதினோரு காற்றாலைகள்.
அவற்றுக்கு நேரகாலம் தெரியாது.
பகல் பன்னிரண்டுக்கு, ஹோட்டல் அடுப்பெல்லாம் கொதிக்கும்போது
மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்.
இப்போது, இரண்டு பதினேழுக்கு,
யாரும் கேட்காத கரண்டை
மூட்டை மூட்டையாக வாசலில் இறக்குகின்றன.

ஐம்பது புள்ளி ஒன்று.
ஐம்பது புள்ளி ஒன்று எட்டு.

முன்பென்றால் ருக்மல் போன் எடுப்பான்.
நாலை நிறுத்து, ஏழை நிறுத்து என்பான்.
இறக்கைகள் முகம் திருப்பிக்கொள்ள
காற்று சும்மா போகும் ஊவாப் பக்கம்.

இப்போது வலையமைப்பே வாசல் வாசலாகப் போய்க் கேட்கிறது,
யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டும் என்று.
ஆஸ்பத்திரிப் பற்றரி: நிறைந்துவிட்டது.
தண்ணீர்ப் பம்பு: தாங்கி முக்கால், கொஞ்சம் போடு.
உருளைக்கிழங்குக் குளிரறை: இரண்டு பாகை இறக்கிக்கொள்கிறேன்.
கடைசியில் தேயிலை ஸ்டோர்:
அந்திக் கொழுந்து இன்னும் ஈரம்.
தா.

அங்கே மூன்றாம் மாடியில்
நீட்டிப் படுத்த வாட்டுத் தொட்டிகளின் அடியில்
விசிறிகள் தாமாகவே எழுந்திருக்கும்.
மலையில் காற்றாக இருந்தது
கம்பியில் ஏறிக் கரண்டாகி
மாடிக்குப் போய் மறுபடி காற்றாகி
கொழுந்துக்குள் கையை விடுகிறது.
இவ்வளவு சுற்றி வந்தும் அதே தொழில்.

ஸ்டோரிலிருந்து அந்தோனிப்பிள்ளை, இரவுக் காவல்.
"பேன நீயா போட்ட, புள்ள?"
"நான் இல்லண்ணே. அதுவா போட்டுச்சு."
"அதுன்னா?"
"காத்து."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சரி. பனி எறங்குனா நிப்பாட்டச் சொல்லு.
ஈரக்காத்து கொழுந்துக்கு ஆகாது."

இது எந்த மென்பொருளிலும் இல்லை.
குறிப்பேட்டில் அவர் பெயரோடு எழுதிவைக்கிறேன்.

ஐம்பது. பச்சை.

பிறகு, வேலையில்லாத அந்த நாலு நிமிடத்தில்
வரைபடத்தைப் பெரிதாக்குகிறேன்.
நகரத்தில் வீட்டுக்கு ஒரு புள்ளி,
புள்ளிக்கு ஒரு மீட்டர், மீட்டருக்கு ஒரு பெயர்.
ஸ்டோர் வரை ஒரு தடித்த கோடு.
துரை பங்களாவுக்கு அதில் ஒரு கிளை.
அதற்கும் கீழே, மேல்பிரிவு லயம் இருக்கிற பள்ளத்தில்
ஒரே ஒரு சாம்பல் புள்ளி. பெயரில்லை.
இருபத்துநாலு காம்பராவுக்கும் அது ஒன்றுதான்.

நாலாவது காம்பராவில் நான் பிறந்தேன்.
ஏழில் ஹீட்டர் போட்டால் மூன்றில் திட்டு விழும்.
பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்ததில்
பேச்சு விட்டுப்போன இரண்டு குடும்பங்கள்
இன்னும் ஒரே சுவரில் முதுகு சாய்த்துத் தூங்குகின்றன.

ஊரெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்கும் வலை
அந்தப் புள்ளியையும் தட்டிப் பார்க்கிறது.
பழைய மீட்டர், வாயில்லை.
அடுத்ததற்குப் போய்விடுகிறது.

படிவம் ஒன்றைத் திறக்கிறேன்.
புதிய இணைப்பு. எண்ணிக்கை: இருபத்துநாலு.
இரண்டு முறை திரும்பி வந்த படிவம்தான்.
பெயர்களை எழுத இடம் போதவில்லை என்பதால்
இந்த முறை தனித்தாள்.
காம்பரா ஒன்று: பேச்சாயி.
இரண்டு: சடையன் மகன் புவனேந்திரன்.
மூன்று: லூர்துமேரி, திட்டுகிறவள், எழுத்துப்பிழை வரக்கூடாது.
நாலு

கூரை மறுபடி அலறுகிறது.
ஐம்பது புள்ளி ஒன்று இரண்டு.
பேனாவைக் கீழே வைக்கிறேன்.